அடுத்தவர் தவத்துக்குக் காவல்

என் மாமாவின் குற்றத்தைக் கோயிலில், ஊர் முன்னால், எழுந்து நின்று சொன்னவன் நான். அவர் சாராயம் குடித்தார் என்று சொன்னேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் சொன்னது பொய் இல்லை. அவர் குடித்திருந்தார். பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னிப்புக் கேட்டுக் கணக்கை முடித்திருப்பேன். உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கெடுத்தவன் யாரிடம் போய், என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

இதை என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நம்மைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. விடிந்ததும் பல் விளக்குகிறோமோ இல்லையோ, கைபேசியில் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு ஊருக்கெல்லாம் ஒரு புத்திமதி அனுப்பிவிடுகிறோம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால், பைக்கில் போகிற பையனைப் பார்த்து, "ஹெல்மெட் எங்கடா?" என்று ஒருவர் கத்துகிறார். அவர் பணியில் இருந்த காலமெல்லாம் முன் விளக்கு எரியாத மொபெட்டில் வில்லியனூருக்குப் போய் வந்தவர். இன்னொருவர், மருமகள் சோற்றை வீணாக்குகிறாள் என்கிறார். சொல்லும்போதே பாதி வடையைக் காக்கைக்குப் போடுகிறார். நான் மட்டும் ஒழுங்கா? தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் ஒரு நாள் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னான்: "ப்பா, நீ ரிடையர் ஆயி எத்தினி வருசம் ஆவுது? சாம்பாருக்கெல்லாம் இன்னும் மார்க்கு போட்டுக்கினு கீற."

அவன் சொன்னது சரி. எனக்குக் கோபம் வந்தது. அதுவும் சரி.

நான் வளர்ந்த ஊர் வில்லியனூருக்கு மேற்கே இருக்கிறது. கோயிலைச் சுற்றி வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்களான நாங்கள், ஏரிக்கரைப் பக்கம் மற்றவர்கள். கரும்பு வெட்டும் காலமும் எங்கள் தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஒரு பக்கம் கோயிலுக்குள் புனிதர்களின் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். வெளியே ஊர் முழுக்கப் பாகு காயும் வாசனை. வெல்ல ஆலையில் பெரிய கொப்பரையில் சாறு கொதித்து நுரை தள்ளும். கரும்புச் சோகை எரியும் புகை கண்ணைக் கரிக்கும். எங்கே திரும்பினாலும் இனிப்பு. அந்த இனிப்புக்கு நடுவில்தான் நாற்பது நாள் நோன்பு இருக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் ஒன்றை விட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். மற்ற ஊர்களில் என்ன விடுகிறாய் என்பது உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. காரணம் எங்கள் உபதேசியார். பங்குச் சாமியார் வேறு ஊரில் இருந்து பூசைக்கு மட்டும் வந்து போவார். ஜெபம் சொல்லித்தருவது, கோயிலைத் திறந்து மூடுவது, ஊரை மேய்ப்பது எல்லாம் உபதேசியார்தான். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். நெஞ்சை நிமிர்த்தித்தான் ஜெபமாலை சொல்வார். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு எல்லோரும் தன் ஒறுத்தலைச் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் சட்டம் வைத்திருந்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் "அப்பெல்" நடக்கும். பட்டாளத்தில் ஆள் கணக்கு எடுப்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

"இந்த வாரம் யாரு முறிச்சது?" என்று கேட்பார். "தானா எந்திரிச்சா மன்னிப்பு. அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சா தண்டன."

சாமியாருக்கு இது தெரியுமா என்று தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. சொல்லப்போனால் ஊருக்கு இது பிடித்திருந்தது. தன் தவத்தைக் காப்பது கஷ்டம். அடுத்தவன் தவத்தைக் காப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, பொழுதும் போகும். நாற்பது நாளும் ஊரே ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்துகொண்டு திரிந்தது.

அப்பா பீடியை விட்டார். விட்ட பிறகு கரும்புக் கொல்லைக்கு அடிக்கடி தனியாகப் போனார். அம்மா வெற்றிலையை விட்டாள். அவள் உண்மையாகவே விட்டாள், அதனால் நாற்பது நாளும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். உபதேசியார் மூக்குப்பொடியை விட்டதாகச் சொன்னார். சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களில் பாதியில் அவருக்குத் தும்மல் வந்தது. நான் வெல்லத்தை விட்டேன்.

வெல்லத்தை விட்டதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. ஆலையில் கொப்பரையைச் சுரண்டிச் சூடாக ஒரு உருண்டை கொடுப்பார்கள். கூட இருக்கிற பிள்ளைகள் வாயைச் சுட்டுக்கொண்டு தின்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன்.

இப்போது அத்தையையும் மாமாவையும் சொல்ல வேண்டும். அத்தை அப்பாவின் தங்கை. பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. குழந்தை இல்லை. மாமா நல்ல வேலைக்காரர், சிரித்த முகம், குடி. கூலி வாங்கிய கையோடு சாராயக்கடை. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். விழுந்து கிடப்பார், அவ்வளவுதான். விழுந்து கிடந்தவரை வயல் வரப்பில் இருந்து பல தடவை தூக்கி வந்து அத்தைக்கு அலுத்துப்போய், அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

மாமா பின்னாலேயே வந்தார். எங்கள் ஊரிலேயே கரும்பு வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, வயல் நடுவே ஒரு மோட்டார் கொட்டாவில் தங்கினார். அத்தையின் கண்ணுக்கு எதிரே குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். விபூதிப் புதன் அன்று, "நானு சாராயத்த வுடுறன்" என்று சபையில் சொன்னார். பின்னால் இருந்து யாரோ, "சாராயம் உன்ன வுடுமா?" என்று கேட்டான். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று சாமியார், ஏசு தன் சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்து அவர்கள் பாதத்தைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருப்பது எங்கள் ஊரில் பெரிய மரியாதை. தவக்காலம் முழுக்க ஒறுத்தலை முறிக்காதவர்களில் இருந்துதான் உபதேசியார் ஆள் எடுப்பார். அந்த வருஷம் மாமாவை அதில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அத்தை அதைத்தான் நிபந்தனையாக வைத்தாள். "பன்னெண்டுல ஒண்ணா அவுரு குந்தட்டும். ஈஸ்டர் அன்னிக்கு நானே பொட்டியத் தூக்கிக்கினு போறன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பாவும் ஒப்புக்கொண்டார். ஆகவே மாமா நாற்பது நாள் தாக்குப்பிடித்தால் அத்தைக்குக் குடும்பம் உண்டு. இதுதான் நிலவரம். பதினொரு வயதுப் பையனான எனக்கும் இது நன்றாகத் தெரியும்.

அத்தை அந்த நாட்களில் பாட்டு முணுமுணுத்தாள். மாலையில் மாமா கரும்புக் கட்டை இறக்கிவிட்டுக் கோயில் கிணற்றில் குளிக்க எங்கள் தெரு வழியாகப் போவார். அத்தை அந்த நேரம் பார்த்து வாசல் கூட்டுவாள். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுவாள்.

இனி என் சங்கதி. நான் பூசைக்கு உதவுகிற பையன். பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பாத்திரங்களைக் கழுவி வைப்பது என் வேலை. திராட்சை ரசம் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதல் தடவை கொட்டிவிடப் போய் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. தொண்டையில் கதகதவென்று இறங்கியது. அதற்குப் பிறகு கொட்டவில்லை. போதாத நாட்களில் பெரிய சீசாவில் இருந்தும் சாய்த்துக்கொண்டேன். வெல்லத்தை விட்ட நாக்கு அது. இனிப்புக்கு ஏங்கியதோ என்னவோ.

இங்கேதான் நீங்கள் என்னை நம்ப வேண்டும். அது குடி என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருட்டு என்றும் தோன்றவில்லை. குடி என்றால் சாராயக்கடை, திருட்டு என்றால் அடுத்தவன் கரும்பு. நான் செய்தது பாத்திரம் கழுவுவது. என் வயிற்றுக்குள் போனதைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை அப்பெல்லிலும் எனக்கு ஒரு உறுத்தல் வந்ததில்லை. வெல்லம் முறிக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. அதற்கும் முந்தின வியாழக்கிழமை. சாயங்காலம் அம்மா என்னை மண்ணெண்ணெய் வாங்க ரோட்டுக்கு அனுப்பினாள். எண்ணெய்க் கடைக்கு இரண்டு கடை தள்ளிச் சாராயக்கடை. மாமா அங்கிருந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தவர் ஒளியவில்லை. கையை ஆட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மாப்ளே, எண்ணெய்க்கா வந்த?"

நான் புட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தோளு எரியுதுடா. இன்னிக்கு முழுக்க ஒத்தத் தோள்லயே கட்டுத் தூக்கினன். ஒரே ஒரு கிளாஸுதான். ஞாயித்துக்கெழம சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு, உங்க அத்தையாண்டயும் நானே சொல்லிர்றன்." பிறகு குனிந்து, "அதுவரிக்கும் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், இன்னா?" என்றார்.

தோள்பட்டையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்தேன். ஆனாலும் எனக்கு வந்தது கோபம்தான். குடித்துவிட்டுச் சிரிக்கிறாரே, என்னையும் தன்னோடு சேர்த்து "நம்ம" என்கிறாரே என்ற கோபம். எண்ணெய்ப் புட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வரும் வரை பொருமினேன். அந்தப் பொருமலில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்தது. கோயிலுக்குள் வியர்வையும் மெழுகுவத்திப் புகையும். உபதேசியார் ஒரு தடவை தும்மிவிட்டு அப்பெல்லைத் தொடங்கினார். ஒரு பெரியம்மா எழுந்து, புகையிலையை வாயில் போட்டுத் துப்பிவிட்டதாகச் சொன்னாள். "முழுங்கல இல்ல? குந்து" என்றார். சிரிப்பு. வேறு யாரும் எழவில்லை.

நான் எழுந்தேன்.

"எங்க மாமா முறிச்சிட்டாரு."

"எந்த மாமாடா?"

"அத்த வூட்டு மாமா. நேத்து சாராயக்கடையில. நான் பாத்தன்."

ஆண்கள் பக்கம் மாமா மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார்.

"மெய்யாய்யா?" என்றார் உபதேசியார்.

"மெய்தான்."

"எத்தினி கிளாஸு?"

"ஒண்ணு."

"குடிகாரன் கணக்குல ஒண்ணா, கோயில் கணக்குல ஒண்ணா?" என்றது பின்னால் ஒரு குரல். இன்னொரு குரல், "பன்னெண்டு பேர்ல யூதாசுக்குத்தான் ஆள் தேடிக்கினு இருந்தோம், கெடச்சிட்டான்" என்றது. கோயில் சிரித்தது. அத்தை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்து வாசல் வழியாக வெளியே போனாள். சிரிப்பு அவள் பின்னாலேயே போனது.

உபதேசியார் என் தலையில் கை வைத்தார். புனித வாரத்தில் மணி அடிக்கக் கூடாது. மணிக்குப் பதில் இரும்பு வளையம் வைத்த ஒரு மரக்கட்டையை ஆட்டிச் சத்தம் எழுப்புவோம். அதை ஆட்டப் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். அந்த வருஷம் அது எனக்குத்தான் என்று அங்கேயே சொன்னார். அந்தக் கட்டை எந்த வருஷம் எப்படிக் காணாமல் போனதோ தெரியாது. காணாமல் போனது நல்லது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா என் தோளில் கை போட்டார். "ஆம்பளடா நீ. சொந்தம்னு பாக்காம சொன்ன பாரு."

அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் வுழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி" என்றாள்.

"யாரடி சொல்ற?"

"பல்லியத்தான். பீடி நாத்தம் வாயோட புள்ளைய மெச்சுற பாரு, அந்தப் பல்லிய."

அப்பா தோளில் இருந்து கையை எடுத்தார். நான் அப்பாவை நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். பல்லி நானும்தான் என்பது எனக்கு எட்டவில்லை. எப்படி எட்டும்? அன்று காலையில்கூட நான் வெல்லத்தைத் தொடவில்லையே!

அடுத்த நாள் விடிந்ததும் மாமா வந்து வாசலில் நின்றார். அப்பா உள்ளே கூப்பிடவில்லை. அத்தை படலுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"ஒரு வாட்டிதான். நானே சொல்லணும்னுதான் இருந்தன்."

"சொல்லியிருந்தா வந்திருப்பன்யா" என்றாள் அத்தை. "ஒரு கிளாஸுக்கா நான் வூட்ட வுட்டுருவன்? ஊரே சிரிச்சிச்சே. இப்ப நான் உன் பின்னால வந்தா, யூதாசு பொண்டாட்டி போறான்னுவாங்க. எங்க அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பன்? போயா. போ."

மாமா போனார். அந்தப் பெரிய வியாழன் அன்று அவர் இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். சாமியார் பாதங்களைக் கழுவிக்கொண்டு வர, பக்கத்தில் துவாலை பிடித்து நின்றது நான். பூசை முடிந்து குப்பியில் மிச்சம் இருந்தது. குடித்தேன்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவே இல்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. குடியை விடவில்லை, விட இனி அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். எங்கள் அடுப்பை ஊதினாள், எங்கள் பிள்ளைகளை வளர்த்தாள், எந்தக் கல்யாணத்திலும் ஓரத்தில் நின்றாள். நான் படித்து வாத்தியார் ஆகித் திருக்கனூர்ப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா செத்துப்போனார் என்று தகவல் வந்தது. நான்தான் அத்தையை அழைத்துப்போனேன். பாகூர் வீட்டு வாசலை அவள் திரும்ப மிதித்தது அன்று ஒரு நாள்தான், அதுவும் பிணத்தைப் பார்க்க. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஒரு கிளாஸு" என்றாள்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போய், தாமதமாக வந்த பையனை வெயிலில் நிற்க வைத்தேன். நானும் அன்று தாமதம்தான். இப்படியே மிச்சப் பணிக்காலமும் போனது. ஊரைத் திருத்துவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

போன தவக்காலத்தில் ஒரு வைராக்கியம் வந்தது. அத்தை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, என் தம்பி இருக்கும் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள், காது மட்டும் கூர்மை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் இரண்டு நிமிஷம் பேச அனுமதி தாருங்கள் என்று இப்போதைய பங்குச் சாமியாரைக் கேட்டேன். இளைஞர். சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். அத்தை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவைக் காட்டிக்கொடுத்ததையும், அதே நாட்களில் பூசை ரசத்தை நான் குடித்ததையும். ஆசிரியன் அல்லவா, நன்றாகப் பேசினேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். சிலுவைப்பாதை முடிந்த கோயிலில் எனக்குக் கைதட்டல்! சாமியார் மைக்கை வாங்கி, எவ்வளவு பெரிய மனசு, இன்றைய இளைஞர்கள் இதைப் பார்த்துக் கற்க வேண்டும், குடியால் எத்தனை குடும்பங்கள் என்று தொடங்கிவிட்டார். நான் சொன்னது குடியைப் பற்றி இல்லை சாமி என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் பொன்னாடை வந்துவிட்டது. யாரோ வீடியோ எடுத்து ஊர்க் குழுவில் போட்டான். சாயங்காலத்துக்குள் கும்பிடுகிற கைப்படங்கள் கொட்டின. நம் வயதுக்காரர் ஒருவர், ஊர்ப் பையன்கள் எவன் எவன் எங்கே குடிக்கிறான் என்று கண்காணிக்க ஒரு குழு அமைத்து அதற்கு என்னைத் தலைவராகப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அத்தை கைதட்டலின் நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்த, நேத்து..."

"கேட்டன்."

"மன்னிச்சிரு."

"அன்னிக்கும் உனக்கு ஜனம் வேணும்" என்றாள். "இன்னிக்கும் உனக்கு ஜனம் வேணும். நானு இதே தெருவுல, இதே வூட்டுல கீறன். இத்தினி வருசத்துல எங்கிட்ட வந்து சொல்றதுக்கு உனக்குக் காலு இல்ல. மைக்கு வச்சாதான் வாயி வருது. போடா."

போனேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி என்பதால் கோபம் ஆற இரண்டு வாரம் ஆயிற்று.

பிறகு ஒரு மத்தியானம், தம்பி வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். அன்றும் மல்லாட்டைதான் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மைக்கில் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது, உங்களுக்கும் இதுவரை சொல்லாதது. என்னை அது மிகவும் சின்னவனாகக் காட்டும் என்று விட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"அத்த, நான் ரசம் குடிச்சது மாமாவுக்குத் தெரியும்."

அவள் கை நின்றது.

"அந்த வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி ஒரு நாள். பூச முடிஞ்சு வெளியே வந்தன். மாமா கெணத்தாண்ட நின்னாரு. கிட்ட வந்தாரு, மோந்துட்டாரு. அவருக்குத் தெரியாத வாசனையா? ஊர் முன்னாடி நான் எந்திரிச்சு அவர் பேரைச் சொன்னப்ப, 'உன் வாயி?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அங்கேயே முடிஞ்சிருப்பன். அவரு கேக்கல."

நான் மன்னிப்புக்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்து எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருந்தது என்னைப் பற்றி இல்லை.

"கெணத்தாண்ட மோந்தாருன்னியே" என்றாள். "அப்ப இன்னா சொன்னாரு?"

"'மாப்ளே, ரெண்டு கொய்யா எலய மென்னுட்டு வூட்டுக்குப் போ. உங்கப்பன் மூக்கு பெரிய மூக்கு'ன்னாரு. 'நாளைக்கி வேணாம்டா. எனக்கே இந்த நாப்பது நாளு எப்பிடிப் போவுதுன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். உங்க அத்த வாசல் கூட்டுறதப் பாத்துக்கினே ஓட்டிக்கினு கீறன்'னாரு."

அத்தை மடியில் இருந்த மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள்.

"சிரிச்சிக்கினே சொன்னாரா?"

"ஞாபகம் இல்ல அத்த."

"சிரிச்சிருப்பாரு. அவுரு சிரிக்காம எதையும் சொல்ல மாட்டாரு. நீ பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்ற. திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"அப்பிடி இல்ல. 'மாப்ளே'ன்னு இழுப்பாரு. இழுத்துட்டு ஒரு மூச்சு வுடுவாரு."

இழுத்தேன். மூச்சு விட்டேன். தலையை ஆட்டினாள், இன்னும் சரியில்லை. ஆயிரம் பிள்ளைகளின் வாசிப்பைத் திருத்தியவன், அவள் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டு சொன்னேன். மன்னிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் கூட்டுகிற இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த எடம்" என்றாள். "அந்த எடத்த மெதுவாச் சொல்லு."